வால் இருந்த கோடை

நீச்சல் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த விரால் மீன், குளத்தில் ஒரு தலைப்பிரட்டையின் வேகத்தைப் பார்த்து அசந்துவிட்டது. "என்ன வாலுடா இது! உனக்கு இப்பவே சீட்டு உறுதி. வாலைப் பத்திரமா வச்சுக்கோ."

அதன்பிறகு கூட்டாளி எத்தனை முறை கூப்பிட்டாலும் அது விளையாடப் போகவில்லை. "வாலு கிழிஞ்சா சீட்டு போயிரும்டா" என்று கோடை முழுக்கப் பாசிக்கடியிலேயே கிடந்தது.

மழைக்காலத்தில் கல்லூரி திறந்தது. அதற்குள் வால் சுருங்கி மறைந்து, நாலு கால் முளைத்திருந்தது. "தவளையை யார் வரச் சொன்னது?" என்று விரால் திருப்பி அனுப்பிவிட்டது.

கரையில் கூட்டாளியும் தவளையாகத்தான் உட்கார்ந்திருந்தது. "கோடையில நாங்கல்லாம் அல்லித்தண்டைச் சுத்திச் சுத்தி ஒருத்தரை ஒருத்தர் துரத்துவோம். அடடா, என்ன நாளுடா அது!" என்றது.

திரும்பி வந்த தவளை பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தது.

"சொல்லுடா, வால் இருந்தா எப்படி இருக்கும்?"