பொங்கலுக்கு வந்த படம்

சித்திரை முதல் நாளில் வெளியான படம் என்று தட்டச்சு செய்தாள்.

தப்பு. பொங்கலுக்கு வந்த படம் அது. அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அழிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

டிசம்பர் முப்பத்தொன்று, காலை எட்டு மணி. பதினான்கு வருடமாக இதே நாளில் தன் வலைப்பூவில் ஆண்டு முடிவுப் பதிவு எழுதுகிறாள். பார்த்த படங்கள், அரசியல், தொழில்நுட்பம், வீடு. வாசகர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். படிக்காமலே அருமை என்று போட்டுவிட்டுப் போவார்கள்.

உண்மையாகப் படிப்பவள் ஒருத்திதான். ஜெசிந்தா.

பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. திருநெல்வேலி ஜங்ஷனில் விசாரணை கவுண்டரில் இருக்கிறாள். தப்பான தகவல் ஒன்று காதில் விழுந்துவிட்டால் ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்காது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ யாரிடமோ ரயில் நேரத்தை மாற்றிச் சொல்லப்போக, பந்தியில் பாயசத்தை விட்டுவிட்டு எழுந்துபோய்த் திருத்திவிட்டு வந்தவள்.

அந்தப் படத்தை இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். கதாநாயகன் ரயிலில் நீலப் பெட்டியில் ஏறிச் சிவப்புப் பெட்டியிலிருந்து இறங்கினான். முன்வரிசைவரை கேட்கும்படி ஜெசிந்தா அதை அறிவித்தாள். தியேட்டரே சிரித்தது.

அது ஜனவரி.

ஏப்ரலில் தேர்தல் வந்தது. இவள் ஒரு கட்சி, ஜெசிந்தா ஒரு கட்சி. வாட்ஸப்பில் ஆரம்பித்த பேச்சு வீட்டு வாசல்வரை வந்து, உனக்கெல்லாம் ஓட்டு ஒரு கேடா என்று இவள் கேட்டதில் முடிந்தது.

கேட்டிருக்கக் கூடாது. கேட்ட மறுநொடியே அது தெரிந்துவிட்டது. ஆனாலும் வீம்பு. எட்டு மாதம் ஓடிவிட்டது.

போனை எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறாள். கூப்பிட்டும் ஜெசிந்தா எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வைத்துவிடுவாள். முப்பத்தைந்து வருடச் சிநேகிதம் அப்படிப் போய்விட்டால் அவளால் தாங்க முடியாது.

அரசியல் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி எழுதினாள். விரலில் வைத்த மை மூன்று வாரத்தில் போய்விட்டது.

தொழில்நுட்பத்துக்கு வந்ததும் கை தானாக ஓடியது. ரேஷன் கடை எந்திரம் என் கைரேகையை மூன்று மாதம் ஒப்புக்கொள்ளவில்லை. பாத்திரம் தேய்த்தவள் விரல் என்று அதற்கு யார் சொல்வது? இந்தப் பதிவை எழுதித் தரும்படி செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். இந்த ஆண்டு நான் நிறைய வளர்ந்திருப்பதாகச் சொன்னது. என் ஜாக்கெட்டுகளும் அதையேதான் சொல்கின்றன.

வீடு. மிக்சி இரண்டு முறை பழுதானது. மொட்டைமாடியில் பாகற்கொடி காய்த்தது. அவர் புளிக்குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டு, ஒரே ஒரு நாள் வைத்தார்.

அந்த அவர், கணவர் ஆவுடையப்பன், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"படம் பொங்கலுக்குல்லா வந்துச்சு?"

"தெரியும். நீங்க பேசாம இருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

பதிவை வெளியிட்டாள்.

ஒன்பது மணிக்குள் ஏழு அருமை வந்தது. ஓசூரில் இருக்கும் சித்தி மகன் மூன்று கும்பிடு போட்டிருந்தான். இன்னொருவர், அந்தப் படம் எனக்கும் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். சித்திரையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

சாம்பார் வைத்தாள். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறை போட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தி வைத்தாள். எட்டு மாதம் பேசாதவள் இன்றைக்கு மட்டும் எதற்குப் படிக்கப்போகிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பதினொன்றேகாலுக்கு வந்தது.

"ஏட்டி, படம் பொங்கலுக்கு வந்துச்சு. அது எனக்காகப் போட்ட தப்புன்னு தெரியும். இன்னும் ரெண்டு தப்பு இருக்கு. அது உன் சொந்தத் தப்பு."

நின்றபடியே படித்தாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். உடம்பு லேசாகிவிட்டது.

அப்புறம்தான் அந்த இரண்டு தப்பு உறுத்தியது.

பதிவை முதலிலிருந்து படித்தாள். மேசை இழுப்பறையில் மிக்சி ரசீதுகள் இரண்டும் இருந்தன. ரேஷன் கடைக்கு மூன்று மாதம் அலைந்ததற்கு ஆவுடையப்பனே சாட்சி. விரல் மைக்குப் பழைய போட்டோக்களைத் தேடித் தேதி பார்த்தாள். புளிக்குழம்பு ஒரு நாள்தானா என்று அவரையே கேட்டாள். ஒரு நாள்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

ஐந்து முறை படித்துவிட்டாள். வேறு தப்பே இல்லை.

ஜெசிந்தா பொய் சொல்லியிருக்கிறாள்.

போனை எடுத்து அழுத்தினாள். முதல் மணி முடிவதற்குள் எதிர்முனையில் எடுத்தாகிவிட்டது.

"எந்த ரெண்டு தப்புட்டி?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜெசிந்தா தன் கவுண்டர் குரலில் சொன்னாள்.

"அதெல்லாம் போன்ல சொன்னா விளங்காது. ரெண்டு மணிக்கு டூட்டி முடியும். நேர்ல வந்து காட்டுதேன்."

வைத்துவிட்டாள்.

மணி பதினொன்றே முக்கால். அவள் ஓடிப்போய்க் கணினி முன் உட்கார்ந்து பதிவைத் திறந்தாள். ஜெசிந்தா வந்து சேர்வதற்குள் எங்கேயாவது இரண்டு தப்பு செய்துவைத்தாக வேண்டும்.