அஞ்சு இஸ்பேட்

"அண்ணே, ஒரு விஷயம்…" என்று இழுத்தான் மைக்கேல்ராஜ். அதைச் சொல்லத்தான் வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தான்.

"அஞ்சு இஸ்பேட்!" என்று முந்திக்கொண்டார் இன்னாசிமுத்து.

இருவரும் ஆடிக்கொண்டிருந்த பிரிட்ஜ் சீட்டாட்டத்தில், ஏலத்தின் எடுத்த எடுப்பிலேயே இவ்வளவு உயரத்தில் கேட்டால் எதிராளி வாயைத் திறக்க முடியாது. சாயங்காலத்திலிருந்து இதே கூத்து.

அடுப்படியில் அவர் மனைவி மரியம்மாள், பர்மா சண்டையிலிருந்து லீவில் வரப்போகும் மகன் சேவியருக்காக அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னாசிமுத்து தோற்றார். அவர் கையில் ஒரு படச்சீட்டுகூட இல்லை.

"வெறுங்கைய வச்சுக்கிட்டு எதுக்குண்ணே இம்புட்டு கேட்டீக?"

"நீ வாயைத் தொறக்கக் கூடாதுன்னுதான், தம்பி." குரல் தாழ்ந்தது. "சேவியர் செத்தது காலையிலயே எனக்குத் தெரியும். அவ சுட்டு முடிக்கட்டும். நீ சீட்டைப் போடு."