வாசலில் கிடந்த செருப்பு

பொழுதுபோக்குப் பூங்காவில் கணவரோடு பேய் மாளிகை வண்டியில் ஏறும்போது பொற்கொடி பழக்கத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள். இருட்டில் பாய்ந்த பேய்களையெல்லாம் ஒளித் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளினாள். வண்டி பின்பக்கமாக வெளியே வந்து நின்றது. இன்னொரு முறை போக அவளுக்கு ஆசையாக இருந்தது.

"கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் கணவர் தணிகாசலம்.

"செருப்பு முன்வாசல்ல கெடக்குதுங்க."

சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கே வண்டி காலியாக நின்றது.

"வந்தது வந்துட்டோம். உங்களுக்கு ஒரு பேய்கூட விழலியே," என்றாள்.

"இதான் கடைசி. செருப்போட ஏறு."

இம்முறை அவர் சுட்டதில் ஒரு பேய் அலறி விழுந்தது. வெளியே வந்ததும் அவள் மனமில்லாமல் பஸ்ஸை நோக்கி நடந்தாள். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னுது முன்வாசல்ல கெடக்கு," என்றார்.