இரண்டு மாடி

"ஏனுங்க, லிஃப்ட்டுதான் ஓடுதுங்களே, எதுக்குங்க படியேறோணும்? ஆபரேசன் பண்ணுன உடம்புங்க" என்றார் வாட்ச்மேன் ஆறுச்சாமி.

அந்தோணிராஜ் என்னவென்று சொல்வான்? மாடியில் கத்தரிக்கோலை மறந்து வைத்துவிட்டதாக எதையோ உளறிவிட்டு, மனைவி ரோஸ்மேரியோடு படிக்கட்டுக்கு நழுவினான். ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனியில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை. மண்ணரையில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் ஏறிப் பார்க்க ஒரு மாடி கிடையாது. அதனால்தான் பூசை முடிந்த கையோடு, அவன் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்திருந்தார்கள்.

இதயத்தில் வால்வு மாற்றி நாலு மாதமாகிவிட்டது. இனி புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து இருக்கலாமா என்று கூச்சத்தை விட்டுக் கேட்டது ரோஸ்மேரிதான். இரண்டு மாடி நிற்காமல் ஏறி, மூச்சு வாங்காவிட்டால் தாராளமாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அந்தோணிராஜுக்குத்தான் பயம் விடவில்லை. பிளந்து தைத்த நெஞ்சு. ஆசைப்பட்டு ஏதாவது ஆகிவிட்டால்? போன வாரம் அவள் கை மேலே பட்டதற்கே பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய்ப் படுத்துவிட்டான். உள்ளே அவள் அழுதது அவனுக்குக் கேட்காமல் இல்லை.

"இன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்று ரோஸ்மேரி ஏறத் தொடங்கினாள். அவன் இரண்டு படி பின்தங்கியே வந்தான். ஒரு கை கம்பியைப் பற்றியிருந்தது. இன்னொரு கை அவளை நோக்கி நீண்டே இருந்தது.

முதல் மாடி திரும்புவதற்குள் அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"மெதுவாப் போ பிள்ள. கொஞ்சம் நின்னுக்கிடுவோமா?"

"நிக்கக் கூடாதுன்னுல்லா டாக்டரம்மா சொன்னாவ. பேசாம வாங்க."

கடைசிப் படிகளைக் கம்பியை இழுத்துப் பிடித்து ஏறினான். மாதாவே, ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று முணுமுணுத்தபடியே மேலே வந்து சேர்ந்தவன், அங்கே கிடந்த துணி மூட்டையில் தொப்பென்று உட்கார்ந்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

ரோஸ்மேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் நெஞ்சின் நடுவே ஓடிய நீளத் தழும்பின் மேல் வைத்துக்கொண்டாள். மிஷின் ஓடாத அமைதியில், உள்ளே புது வால்வு டிக் டிக்கென்று நிதானமாக அடிப்பது அவனுக்குக் கேட்டது.

"வால்வு மாத்துனது எனக்கா, உங்களுக்கா?" என்றாள், மூச்சே வாங்காமல். "ராத்திரிக்குப் பாயை உள்ள விரிங்க."