சிப்பியின் நீளம்

மூக்கண்டப்பள்ளியில் மாடியறை எடுத்துத் தனியாகத் தங்கி, தொழிற்சாலையில் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை செய்துவந்தாள் ஃபகருன்னிசா. கல்லூரி நாளில் அரியலூரில் எடுத்த பிராக்கியோபாட் என்னும் கடலுயிரியின் சிப்பி ஒன்று அவளிடம் இருந்தது. கல்லாகி ஒன்பது கோடி ஆண்டுகள் ஆனது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது இனம் என்று 1988இல் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். நீளம் பதினெட்டு மில்லிமீட்டர். மறு ஞாயிறு அளந்தபோது பத்தொன்பது. அதற்கடுத்த ஞாயிறு இருபது.

வீட்டுக்கார சரோஜம்மாளை அழைத்துக் காட்டினாள்.

“கல்லு எங்கயாச்சும் வளருமா கண்ணு? ஒண்டியா கெடந்தா இப்படித்தான் தோணும்,” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஃபகருன்னிசா கட்டுரையை அனுப்பவில்லை. கிண்ணத்தில் உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றி, சிப்பியை அதில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் வந்து பார்த்தபோது, அதன் பக்கத்தில் கடுகளவில் இன்னொரு சிப்பி ஒட்டியிருந்தது.