பிரேக் மட்டும்தான் பாக்கி

“பிரேக் கிடைச்சுதா?”

“இல்லை. நாளைக்கு வரச் சொல்லியிருக்கான்.”

செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்த கணவர், மின்விசிறிக்கு அடியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவி தண்ணீரை நீட்டினாள்.

“நேத்தும் இதையேதானே சொன்னான்?”

“பழைய சாமான் கடைன்னா அப்படித்தான். எவனாவது பழைய வண்டியைக் கொண்டுவந்து போட்டாத்தானே அவன்கிட்ட சாமான் இருக்கும்? அந்தக் கோடியில இன்னொரு கடை இருக்கு, பாருங்கன்னான். அங்கே போனா, அவன் திரும்ப இவன்கிட்டயே போகச் சொல்றான். என்னைப் பந்து மாதிரி உதைக்கிறானுங்க.”

“புது பிரேக் மாட்ட முடியாதா?”

“அதுக்குத்தான் நீ காசு தரமாட்டேங்கிறியே! தந்தாலும் மாட்ட முடியாது. இப்ப வர்ற கியர் சைக்கிளுக்கெல்லாம் சக்கரத்து நடுவுல தட்டு, அதைப் பிடிக்கிற பிரேக். இது பழசு. ரெண்டு பக்கமும் கையை விரிச்சு ரிம்மைக் கவ்வும், நண்டு மாதிரி. அந்தக் கை கிடைச்சாத்தான் வண்டி நிக்கும்.”

வங்கியில் நாள் முழுக்க உட்கார்ந்தே பணம் எண்ணுகிற வேலை அவருக்கு. போன பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. “தினமும் நடங்க. அடுத்த தடவையும் குறையலைன்னா ஊசிதான்” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்த்துவிடும்.

ஆனாலும், “காரணமே இல்லாம ஒரு மனுஷன் எப்படி நடப்பான்? திரும்பி வர்றதுக்காக எதுக்குப் போகணும்?” என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், மச்சினன் வீட்டுக் கார் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த பழைய மவுண்டன் பைக்கைத் தோளில் தூக்கி வந்துவிட்டார். அதைச் சரிபண்ணி ஓட்டினால் சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

மனைவி தடுக்கவில்லை. “மாசச் செலவுல மிச்சம் பிடிச்சுக் கொஞ்சம் தர்றேன். அதுக்குள்ள முடிங்க. பஸ்ஸுக்கும் அதுலதான். கிரீஸ் வீட்டுக்குள்ள வரக் கூடாது, வேலையெல்லாம் மொட்டை மாடியில” என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸுக்குக் கொடுத்தால் செயினுக்கு இருக்காது. எனவே கடைக்கு நடந்தே போனார். மாடியில் வேலை, ஸ்பேனர் கீழே. ஒவ்வொன்றாக ஞாபகம் வர வர, படியில் இறங்கி ஏறினார்.

டயருக்கு அலைந்தார். செயினுக்கு அலைந்தார். நடுநடுவே மனைவிக்குப் பாடமும் நடத்தினார்.

“இந்த சீட்டுத் தண்டு அலுமினியம். குழாய் இரும்பு. மழைத்தண்ணி பட்டுப் பட்டு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. எண்ணெய் விட்டு ஊற வெச்சுத்தான் பிரிக்கணும்.”

“சரி, பெடலை ஏன் அந்தப் பக்கமாத் திருப்பறீங்க?”

“நல்ல கேள்வி. வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு மட்டும் தலைகீழ் மரை. இல்லைன்னா மிதிக்க மிதிக்கத் தானா கழண்டு வந்துடும். அதனால, இதை எதிர்ப்பக்கம் திருப்பினாத்தான் கழலும்.”

“அப்போ நேத்து முழுக்க முக்கிக்கிட்டிருந்தீங்களே?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நேத்து இறுக்கிக்கிட்டிருந்தேன்.”

மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடிப் புறா பறந்துபோனது.

“கடைக்கு வேணும்னா நான் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டுமா?”

“நீயா? பிரேக்குக்கும் பெல்லுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?”

“எனக்கென்னங்க தெரியும்” என்றாள் அவள்.

வண்டி பளபளவென்று ஆகிவிட்டது. பிரேக் மட்டும்தான் பாக்கி. அதற்குள் பரிசோதனை நாள் வந்துவிட்டது. ஒரு தெருகூட ஓட்டியிருக்கவில்லை. கிளினிக்கில் மனைவிக்குப் பக்கத்தில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பிரித்ததுமே அவர் முந்திக்கொண்டார். “டாக்டர், ஊசி போடறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு மாசம் டைம் குடுங்க. பிரேக் மட்டும் வந்துட்டா…”

“எந்த பிரேக்? சர்க்கரை நல்லா இறங்கியிருக்கே! எடையும் குறைஞ்சிருக்கு. ஊசிக்கு அவசியமே இல்லை. இப்ப என்ன பண்றீங்களோ அதையே விடாம பண்ணுங்க.”

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, டாக்டர்!”

“ஆரம்பிக்காமலேயே இப்படின்னா, ஆரம்பிக்கவே வேண்டாம்” என்று சிரித்தார் டாக்டரம்மா.

வெளியே வந்தவர் ரிப்போர்ட்டை விசிறி போல ஆட்டினார். “பார்த்தியா? வண்டியைத் தொட்டதுக்கே சர்க்கரை பயந்துடுச்சு. ஓட்டினா என்ன ஆகும்! மாத்திரையை வாங்கிட்டு வந்துடறேன், இங்கேயே இரு.”

அவர் மருந்துக் கடை வரிசையில் போய் நின்றதும், மனைவி தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, தாழ்ந்த குரலில் போனில் பேசினாள்.

“அண்ணே, நான்தான். சாயந்திரம் அவர் வருவார். பிரேக்கை நான் ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கிட்டுப் போயிட்டேன்னு வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க. டயருக்கும் செயினுக்கும் இழுத்தடிச்ச மாதிரியே ‘நாளைக்கு வாங்க’ன்னே சொல்லுங்க. அந்தக் கோடிக் கடை அண்ணன்கிட்டயும் சொல்லி வெச்சிடுங்க!”