அறுநூறு பெட்டி

கிளம்பிய பேருந்தின் முன்னால் அவள் போய் நின்றாள்.

பேருந்து நின்றது. ஓட்டுநர் வைதார். அவள் காதில் வாங்கவில்லை. ஓடிப்போய் மூன்றாவது ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே அவள் கணவன். மடியில் பை. லீவு முடிந்து கொல்லத்துக்குப் போகிறான். எட்டு வருடமாக அங்கே ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர்.

"என்னட்டி, எதையும் விட்டுட்டு வந்துட்டனா?"

"இறங்குங்க. வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"பனை ஏறணும்."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் மதுரையிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. கல்யாண வீட்டில் தாம்பூலம் வைத்துக் கொடுக்க அறுநூறு ஓலைப் பெட்டிகள். பன்னிரண்டு நாளில். யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். அவளோடு சேர்த்து, சங்கத்தில் முடைகிறவர்கள் பத்தொன்பது பெண்கள். போன வருடம்வரை உப்பளத்தில் வெந்தவர்கள். இவ்வளவு பெரிய வேலை அவர்களுக்கு வந்ததே இல்லை.

முடையக் கை இருந்தது. ஓலை இல்லை.

குருத்தோலை மரத்தின் உச்சியில் இருந்தது. ஊரில் ஏறுகிற மூன்று பேரும், பதநீர்க் காலத்தில் எங்களால் ஆகாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

அவன் குரலைத் தணித்தான். "பனை ஏறி எட்டு வருசமாச்சு கனி. காலு மறந்திருக்கும்."

"ஒத்தாசைக்குக் கூப்பிடல. வேலைக்குக் கூப்பிடுதேன். எங்க சங்கத்துல சம்பளம் உண்டு. வருசம் பூரா ஓலை வேணும்."

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, முதலாளியம்மா கூப்பிடுதாங்கள்லா? இறங்கும்!"

பேருந்தே சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பையோடு இறங்கினான்.

பனங்காட்டில் மற்ற பெண்கள் அரிவாளும் தளைநாருமாகக் காத்திருந்தார்கள்.

சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அரிவாளை இடுப்பில் செருகினான். மரத்தைப் பற்றி ஏற, காலில் தளைநாரை மாட்டினான். மரத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

ஓர் ஆள் உயரம் ஏறினான். நின்றுவிட்டான்.

பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவளால் பார்க்க முடியவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டாள். வற்புறுத்தியிருக்கக் கூடாதோ?

நார் மரத்தில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

பிறகு நிற்கவே இல்லை.

முதல் குருத்து, வெண்ணெய் நிறத்தில், மணலில் வந்து குத்தியது. பெண்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது.

அவள் கையிலிருந்த சட்டைக்குள் போன் அடித்தது. கொல்லத்து ஓட்டல் முதலாளி.

"யாரு, வீட்டுக்காரம்மாவா? உங்க ஆளு பஸ் ஏறியாச்சா?"

அவள் நிமிர்ந்தாள்.

உச்சியில், மட்டைகளுக்கு நடுவே, அவன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

"ஏறியாச்சு அண்ணாச்சி," என்றாள்.